விக்டோரியாவில் எங்கே குடியிருப்பது?

“இஞ்சேருங்கோ, அங்கை நாங்கள் எங்கை இருக்கப் போறம்?”

மனைவி தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. 2012இல் நான் படகேறிய நாளிலிருந்து “விசா எப்ப கிடைக்கும்?” என்ற ஒரு கேள்விதான் எங்களுக்கிடையில் இருந்தது. மனைவிக்கும் மகளுக்கும் விசா கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று அந்தக் கேள்வி முடிந்து, இந்தக் கேள்வி தொடங்கியது.

நான் திகைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து எங்களை எழுப்பியது இராணுவம். அப்போது எனக்குப் பத்து வயது. பிறகு நலன்புரி முகாம், 1995 இடப்பெயர்வில் தென்மராட்சி, அங்கிருந்து வன்னி, வன்னிக்குள்ளும் ஊர் ஊராக முள்ளிவாய்க்கால் வரை, பிறகு செட்டிகுளம் மெனிக் பாம். கடல் கடந்து வந்தபின் தடுப்பு முகாம், அதன்பின் டண்டினோங்கில் எட்டுப் பேர் பங்கிட்ட வீடு. இவற்றில் ஒன்றைக்கூட நான் தெரிவு செய்யவில்லை. நாற்பத்தைந்து வயதில் முதன்முறையாக “உனக்கு எங்கே விருப்பம்?” என்று கேட்கப்பட்டால் மனிதன் திகைக்கத்தான் செய்வான்.

அதன்பிறகு பல மாதங்கள் இந்த மாநிலத்தைச் சுற்றிப் பார்த்தேன், விசாரித்தேன், கணக்குப் பார்த்தேன். அவுஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தை அழைக்கக் காத்திருப்பவர்களும், பிராந்திய விசாவில் வர எண்ணுபவர்களும் இதே கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். நான் அறிந்தவற்றை ஒழுங்காக எழுதி வைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஒரு மாநிலம், பல நிலங்கள்

விக்டோரியா, அவுஸ்திரேலியப் பெருநிலத்தில் உள்ள மாநிலங்களில் மிகச் சிறியது. ஆனாலும் இலங்கையைப் போல மூன்றரை மடங்கு பெரியது. சனத்தொகை அண்ணளவாக 70 இலட்சம். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் மெல்பேர்ன் பெருநகரத்துக்குள் இருக்கிறார்கள். மிச்ச நிலம் பரந்து கிடக்கிறது.

அந்த நிலம் ஒரே மாதிரியானதல்ல. வடமேற்கில் மில்டூராப் பக்கம் வருடத்துக்கு 300 மில்லிமீற்றர் மழைகூடப் பெய்யாது. முறே ஆற்று நீரைப் பாய்ச்சி முந்திரிகை, தோடை, பாதாம் எல்லாம் விளைவிக்கிறார்கள். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். வடகிழக்கில் 1986 மீற்றர் உயரமான போகோங் மலையும் அதைச் சூழ்ந்த மலைத்தொடர்களும் ஜூன் மாதத்தில் பனி மூடிக் கிடக்கும். தெற்கே கடல். கிழக்கே கிப்ஸ்லாண்டில் நல்ல மழை, பச்சைப் புல், பால்மாடுகள். நடுவில் 1851இல் தங்கம் கண்டெடுக்கப்பட்டதால் வளர்ந்த பலராட், பென்டிகோ போன்ற பழைய நகரங்கள். மெல்பேர்னின் மேற்கே மரமற்ற எரிமலைப் பாறைச் சமவெளி. அதன்மேல் இன்று புதுக் குடியிருப்புகள் எழும்புகின்றன.

எல்லோரும் முதலில் காட்டும் படம் பெருங்கடல் வீதியினுடையது. 240 கிலோமீற்றர் நீளமான அந்த வீதியை முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படையினர் 1919 முதல் 1932 வரை வெட்டினார்கள். இறந்துபோன தங்கள் தோழர்களின் நினைவுச்சின்னமாகவே அதை அமைத்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். அழகுதான். ஆனால் அங்குள்ள கரையோர ஊர்களில் பல வீடுகள் விடுமுறைக்கு வருபவர்களுடையவை. மாரியில் பூட்டிக் கிடக்கும், கோடையில் உல்லாசப் பயணிகளுக்குப் போகும். அங்கே சமையலறையிலும் விடுதியிலும் வேலை செய்பவர்களுக்கே வருடம் முழுவதும் இருக்க வாடகை வீடு கிடைப்பது கடினம். சுற்றுலாப் படத்தை வைத்து ஊரைத் தெரிவு செய்யக்கூடாது என்பதை அங்கேதான் விளங்கிக்கொண்டேன்.

விசாவும் வேலையும்

எங்கள் பலருக்கு இடத்தை முதலில் தீர்மானித்தது விசா. ‘ஷெவ்’ என்று நாங்கள் அழைக்கும் ஐந்து வருடத் தற்காலிக விசாவில், பிராந்தியப் பகுதியில் மூன்றரை வருடங்கள் அரச உதவி பெறாமல் வேலை செய்தாலோ படித்தாலோதான் வேறு விசாவுக்கு விண்ணப்பிக்க வழி திறக்கும் என்றார்கள். அதற்காகவே நான் டண்டினோங்கை விட்டு, மெல்பேர்னுக்கு வடக்கே 190 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஷெப்பார்டனுக்குப் போனேன். 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்தவர்களுக்கு நிரந்தர விசா அறிவிக்கப்பட்டது. எனக்குக் கதவு திறந்தது. ஆனால் ‘வேகத்தட’ முறையில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்கு அது திறக்கவில்லை. இந்தக் கட்டுரை பேசும் தெரிவு அவர்களுக்கு இன்னும் இல்லை என்பதை மறந்துவிட்டு நான் எழுத முடியாது.

தொழில்திறனை அடிப்படையாகக் கொண்ட 491 விசாவில் வருபவர்களுக்கும் இடக் கட்டுப்பாடு உண்டு. மெல்பேர்ன் பெருநகரத்தில் வாழவோ வேலை செய்யவோ முடியாது. ஆனால் ஜீலோங் அந்த விசாவுக்குப் பிராந்தியப் பகுதியாகக் கணக்கிடப்படுகிறது. மெல்பேர்னுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய, இந்த மாநிலத்தின் இரண்டாவது பெரிய நகரம் அது. பிராந்தியம் என்றவுடன் தொலைதூரக் கிராமம் என்று பயப்படத் தேவையில்லை. விண்ணப்பிக்கும் முன் அஞ்சல் குறியீட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேலை ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு விதம். டண்டினோங்கில் தொழிற்சாலைகள். ஷெப்பார்டனில் பெயார்ஸ், பீச், தக்காளி, தகரத்தில் அடைக்கும் ஆலை. கிப்ஸ்லாண்டில் பாற்பண்ணை, இறைச்சி ஆலை, முதியோர் பராமரிப்பு. லட்ரோப் பள்ளத்தாக்கில் நிலக்கரியும் மின்சாரமும் இருந்தன. ஹேசல்வூட் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அங்கே வீட்டு விலை மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வீடு மலிவு என்றால் ஏன் மலிவு என்று கேட்க வேண்டும்.

பழம் ஆயும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விடயங்கள். 2022 ஏப்ரல் 28 முதல், பெட்டிக் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கும் மணித்தியாலக் குறைந்தபட்சக் கூலி உறுதி செய்யப்பட்டுள்ளது. அத்துடன், விக்டோரியாவில் ஆள் கொடுக்கும் முகவர்கள் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். எனக்கு முதல் வேலை தந்தவரிடம் அது இருக்கவில்லை என்பதை ஆறு வாரச் சம்பளத்தை இழந்த பிறகுதான் அறிந்தேன்.

தீயும் வெள்ளமும்

இந்த மாநிலத்தில் அழகு கூடிய இடங்கள் பலவற்றில் ஆபத்தும் கூட. 2009 பெப்ரவரி 7ஆம் திகதி மெல்பேர்னில் வெப்பம் 46.4 பாகையைத் தொட்டது. அன்று மூண்ட காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். கிங்லேக், மேரிஸ்வில் என்பன மலைக்காட்டு ஊர்கள். அமைதியையும் மரநிழலையும் விரும்பியவர்கள் தெரிந்தெடுத்து வாழ்ந்த ஊர்கள். அதே நாட்களில் நாங்கள் சுதந்திரபுரத்தில் பதுங்குகுழிக்குள் இருந்தோம். உலகத்தில் வேறெங்கும் சனம் எரிந்துகொண்டிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. எங்களைப் பற்றி அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

2019 டிசம்பர் 31 அன்று மாநிலத்தின் கிழக்கு முனையிலுள்ள மலகூட்டாவில், தீ சூழ்ந்ததால் ஏறக்குறைய 4,000 பேர் கடற்கரையில் ஒதுங்கினார்கள். வானம் கறுத்து, பிறகு சிவந்தது. சில நாட்களில் கடற்படைக் கப்பல் வந்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஏற்றிச் சென்றது. அந்தப் படங்களை நான் தொலைக்காட்சியில் முழுதாகப் பார்க்கவில்லை. மாத்தளன் கரைக்கும் கப்பல் வந்தது; செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல். காயக்காரரையும் கூட நின்றவர் சிலரையும் ஏற்றிக்கொண்டு போனது. மிச்சச் சனம் கரையில் நின்றது.

புகை மணமும் சைரன் சத்தமும் போர் கண்டவர்களின் உடம்பில் வேறு விதமாகத்தான் இறங்கும். ஆகவே எங்களைப் போன்றவர்கள் மரம் அடர்ந்த மலையடிவாரத்தில் வீடு பார்க்கும்போது, காப்புறுதிச் செலவை மட்டுமல்ல, ஒவ்வொரு கோடையிலும் வரும் தூக்கமற்ற இரவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இங்கே தீ அபாயத்தை மிதமானது, உயர்ந்தது, அதிதீவிரம், பேரழிவு என்று நான்கு படிகளாக அறிவிப்பார்கள். பேரழிவு என்று அறிவித்தால், தீ அபாயமுள்ள இடத்தில் இருப்பவர்கள் தீ தெரியும்வரை காத்திராமல் முன்கூட்டியே வெளியேற வேண்டும். ‘விக் எமர்ஜென்சி’ செயலியைத் தொலைபேசியில் இறக்கி வையுங்கள்.

தட்டையான நிலத்துக்குப் போனால் தப்பலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2022 ஒக்டோபரில் ஷெப்பார்டன், மூரூப்னா, எச்சூக்கா, ரொச்செஸ்டர் எல்லாம் வெள்ளத்தில் அகப்பட்டன. ரொச்செஸ்டரில் பெரும்பாலான வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. நான் இருந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தண்ணீர் நின்றது. மணல் மூட்டை நிரப்பிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற முதியவர், வீட்டுக்கு வெள்ளக் காப்புறுதி இல்லை என்றார். தவணைப்பணம் கட்டுப்படியாகாததால் விட்டுவிட்டாராம்.

அதிலிருந்து ஒரு வழி கற்றுக்கொண்டேன். வீடு வாங்குவதென்றால் ஒப்பமிடும் முன்பே அந்த முகவரியைக் கொடுத்துக் காப்புறுதி விலை கேளுங்கள். தவணைப்பணம் அசாதாரணமாக உயர்ந்தால் அந்த இடத்தின் ஆபத்தை அதுவே சொல்லிவிடும். நகரசபையிடம் வெள்ள வரைபடமும் தீ அபாய வரைபடமும் கேட்டுப் பார்க்கலாம்.

வாகனம் ஓட்டத் தெரியாதவரின் ஊர்

கொஞ்சக் காலம் என் மனம் தோர்ப்டேலில் நின்றது. கிப்ஸ்லாண்ட் மலைச்சரிவில் இருக்கும் சின்ன ஊர். உருளைக்கிழங்குக்குப் பெயர் போனது. முதல் தடவை போனபோது காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். உழுதுபோட்ட மண் செம்மண். பலாலி வீதியோரத் தோட்டங்களின் நிறம். என் தகப்பன் கிழங்கும் வெங்காயமும் போட்ட மண் அப்படித்தான் இருந்தது. அந்தக் காணி இன்னும் எங்களிடம் திரும்பி வரவில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அன்று இரவு மனைவியிடம் சொன்னேன். அவள் மண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “நடந்து போற தூரத்திலை கடை இருக்கோ? பிள்ளை பள்ளிக்கூடம் எப்பிடிப் போவாள்? நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு நான் ஆரோடை கதைக்கிறது?”

மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. தோர்ப்டேலுக்கு ரயில் இல்லை. அவளுக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. இலங்கை அனுமதிப்பத்திரம் இருப்பவர்கூட, நிரந்தர விசாவில் வந்தால் ஆறு மாதங்களுக்குத்தான் அதை வைத்து இங்கே ஓட்டலாம். பிறகு பரீட்சை எழுதி, ஓட்டிக் காட்டி, விக்டோரியா அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். அது கிடைக்கும்வரை அந்த அழகான சரிவில் அவள் அடைபட்டிருப்பாள். முட்கம்பி இல்லாத மெனிக் பாம் ஒன்றை நானே அவளுக்குக் கட்டிக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் என் கணக்கு மாறியது. குடும்பத்தில் அதிகம் உழைப்பவருக்கு எது வசதி என்று பார்த்தே நாங்கள் ஊர் தெரிவு செய்கிறோம். மொழி குறைவானவர், வாகனம் இல்லாதவர், பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் யாரோ, அவருடைய ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அந்த ஊரில் எப்படிக் கழியும் என்று பார்த்துத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் வரைபடத்தில் ரயில் பாதைகள் முக்கியமாகின்றன. ஜீலோங், பலராட், பென்டிகோ, ட்ரரல்கன் பாதைகளில் ரயில்கள் அடிக்கடி ஓடும். ஷெப்பார்டனுக்கு நாளுக்குச் சிலதான். மில்டூரா 540 கிலோமீற்றர் தூரம். அங்கே பயணிகள் ரயில் 1993இலேயே நின்றுவிட்டது. 2023 மார்ச் 31 முதல் பிராந்திய ரயில் கட்டணத்துக்கு மெல்பேர்ன் நகர நாட்கட்டணமே உச்சவரம்பு என்று ஆக்கினார்கள். அப்போது அது 9 டொலர் 20 சதம். பிறகு சற்றுக் கூடியது. ரயில் நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய பிராந்திய ஊர் என்பது இப்போது முன்னரைவிடப் பெறுமதியானது.

சனம், கோயில், வைத்தியம்

தமிழ்ச் சனத்தோடு இருப்பதா, தள்ளி இருப்பதா என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. டண்டினோங்கில் கறித்தூளுக்கும் கதைக்கும் குறைவில்லை. கரம் டவுன்ஸில் சிவா விஷ்ணு கோயில், பேசின் மலையடிவாரத்தில் பிள்ளையார், மேற்கே சன்ஷைன் நோர்த்தில் முருகன். வார இறுதித் தமிழ் வகுப்புகளும் பெரும்பாலும் மெல்பேர்னுக்குள்தான். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் தமிழ் ஒரு பாடமாக இருக்கிறது என்பதைப் பிள்ளைகளின் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

சின்ன ஊர் என்றால் தனிமை நிச்சயம் என்றும் இல்லை. மெல்பேர்னுக்கும் அடிலெயிட்டுக்கும் நடுவில், ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் வாழும் நில் என்ற ஊர் இருக்கிறது. 2010 முதல் பர்மாப் போரிலிருந்து தப்பிய கரென் அகதிகள் அங்கே குடியேறினார்கள். வாத்துப் பண்ணை நிறுவனத்துக்கு ஆள் தேவைப்பட்டது. இவர்களுக்கு வேலை தேவைப்பட்டது. அவர்கள் தனித்தனியாகச் சிதறாமல் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஊர்க்காரரும் முன்கூட்டியே ஆயத்தமானார்கள். அது நிலைத்தது. ஒரு தமிழ்க் குடும்பம் தனியே ஒரு ஊருக்குப் போவதற்கும் ஐந்து குடும்பங்கள் பேசி வைத்துப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களிடம் கற்கலாம்.

வைத்தியம் பற்றியும் சொல்ல வேண்டும். உடல் காயத்துக்கு ஊர் வைத்தியசாலை போதும். பெரிய சத்திரசிகிச்சைக்கு மெல்பேர்ன் போக வேண்டும். மனக் காயத்துக்கு, சித்திரவதையிலிருந்தும் போரிலிருந்தும் தப்பியவர்களுக்கென்று 1987இல் தொடங்கிய ‘பவுண்டேஷன் ஹவுஸ்’ பிரன்ஸ்விக், டண்டினோங் போன்ற இடங்களில் இலவசமாக உதவுகிறது. நான் இரண்டு வருடம் போனேன். சொல்ல வெட்கமில்லை. மொழி தடையென்றால் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

வாடகை வீடு

முதல் வீடு பெரும்பாலும் வாடகை வீடாகத்தான் இருக்கும். முன்பு எங்கே வாடகைக்கு இருந்தீர்கள் என்று கேட்பார்கள். எட்டுப் பேர் பங்கிட்ட வீட்டில் என் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கவில்லை. அதனால் பல விண்ணப்பங்கள் திரும்பின. பங்கு வீட்டில் இருந்தாலும் உங்கள் பெயரை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வாரம் 900 டொலர் வரையான வீட்டுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் பிணைப்பணம் கேட்க முடியாது. அந்தப் பணம் வீட்டுக்காரரிடம் அல்லாமல் அரச பிணைப்பண அதிகாரசபையிடம் இருக்கும். வாடகையை 12 மாதங்களுக்கு ஒருமுறைதான் கூட்டலாம். பலராட் போன்ற குளிர் ஊர்களில் வீட்டின் விறாந்தை அழகைவிடச் சூடேற்றியை முதலில் பாருங்கள்.

யாருடைய நிலம்?

காணி இழந்த நாங்கள் இன்னொருவர் இழந்த காணியில் குடியேறுகிறோம் என்பதையும் நினைக்க வேண்டும். மாநிலத்தின் தென்மேற்கில் புட்ஜ் பிம் என்ற இடத்தில் குண்டிட்ஜ்மாரா மக்கள் 6,600 வருடங்களுக்கு முன்பே கல்லால் வாய்க்கால் கட்டி விலாங்கு மீன் வளர்த்தார்கள். 2019இல் அது உலக மரபுரிமையானது. கிப்ஸ்லாண்டில் வாரகுல் அருகிலிருந்து கிழக்கே ஸ்னோயி ஆறு வரையுள்ள அரச காணிகளில் குணாய்குர்ணாய் மக்களின் பூர்வீக உரிமையைச் சமஷ்டி நீதிமன்றம் 2010இல் ஏற்றுக்கொண்டது. அவர்கள் காணி வழக்குப் பேசி முடிக்கப் பல வருடங்கள் எடுத்தன என்று வாசித்தபோது எனக்கு வலிகாமம் வடக்கு நினைவுக்கு வந்தது.

நான் எடுத்த முடிவு

கடைசியில் வாரகுலில் வீடு எடுத்தேன். மெல்பேர்னுக்குக் கிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீற்றர். ரயில் நிலையத்துக்குப் பதினைந்து நிமிட நடை. டண்டினோங்குக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கறித்தூளும் கோயிலும் கவுன்சிலிங்கும் எட்டும் தூரம். ஊருக்குள்ளேயே வைத்தியசாலையும் உயர்தரப் பாடசாலையும் உண்டு. என் வேலை அரை மணி நேரக் கார் ஓட்டம். வடக்கே பன்யிப் காட்டில் 2009இலும் 2019இலும் தீ மூண்டது. அதனால் காட்டோரத்தை விட்டு ஊர் நடுவில் பார்த்தேன். டண்டினோங்கில் உள்ள நண்பர்கள் தூரம் என்றார்கள். ஷெப்பார்டன் நண்பர்கள் குளிர் என்றார்கள். இரண்டும் உண்மை.

வீட்டை வீடியோவில் காட்டினேன். மகள் தன் அறையின் யன்னலைத் திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னாள். மனைவி பின்வளவைக் காட்டச் சொன்னாள். கொஞ்சம் கிண்டிக் காட்டினேன். முழுச் சிவப்பில்லை, மண்ணிறம் கலந்த சிவப்பு.

“எவ்வளவு காலத்துக்கு?” என்று கேட்டாள்.

“ஒப்பந்தம் ஒரு வருசத்துக்கு.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “ஒரு வருசம் காணும். பிறகு எங்கை எண்டு நாங்கள் மூண்டு பேரும் இருந்து யோசிப்பம்” என்றாள்.